அனலை அணைப்பது யார்?

சபைகளில் பக்தி வைராக்கியம் குறைந்துவிட்டது என்கிறார்கள். கன்வென்ஷன் மேடையில் சொல்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் சொல்கிறார்கள், லெந்து நாட்கள் வந்தால் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்கிறார்கள். காரணத்தையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். டிவி, செல்போன், சினிமா, பொருளாசை, வாலிபப் பிள்ளைகளின் கெட்ட சகவாசம். வெளிப்படுத்தின விசேஷத்தில் வருகிற லவோதிக்கேயா சபையைக் காட்டி, வெதுவெதுப்பாக இருக்காதே, அனலாக இரு என்று முடிப்பார்கள். கேட்கிற சனமும் தலையைக் குனிந்துகொண்டு, தப்பு நம்மிடம்தான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும்.

நான் வள்ளூர்க்காரி. மீஞ்சூருக்கும் அத்திப்பட்டுக்கும் பக்கத்தில், திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். அனலைப் பற்றி எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எங்கள் ஊர்ப் பேரிலேயே ஓர் அனல்மின் நிலையம் இருக்கிறது. 500 மெகாவாட் வீதம் மூன்று அலகுகள், மொத்தம் 1500 மெகாவாட். அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் 1990களிலேயே வந்துவிட்டது. காலனியில் வீட்டுக்கு ஒருவராவது ஏதோ ஓர் ஆலையில் காண்ட்ராக்ட் வேலை பார்த்தவராக இருப்பார். கொதிகலனில் சூடு இறங்கினால் அவர்கள் நெருப்பைத் திட்டமாட்டார்கள். கரி வருகிறதா, காத்து வருகிறதா, எங்கே அடைத்திருக்கிறது என்று போய்ப் பார்ப்பார்கள்.

பக்தி விஷயத்திலும் அதைத்தான் பார்க்க வேண்டும். சேரிச் சனங்களிடம் பக்தி இல்லையா, இருக்கிற பக்தியை யாராவது அடைத்து வைத்திருக்கிறார்களா? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடைப்பு மூன்று இடத்தில் இருக்கிறது. கோயிலுக்குள் உட்கார்ந்திருக்கிற சாதி ஒன்று. ஞாயிற்றுக்கிழமையைப் பிடுங்கிக்கொண்ட காண்ட்ராக்ட் வேலை இன்னொன்று. பக்தியையே நமக்கு எதிரான சாட்சியாக மாற்றிவிட்ட 1950ஆம் வருஷத்து ஆணை மூன்றாவது. மேடையில் நின்று வைராக்கியம் பேசுகிறவர்கள் இந்த மூன்றையும் பேசி நான் கேட்டதில்லை.

எங்கள் ஆயாவை வைத்துச் சொல்கிறேன். ஆயாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் கீர்த்தனைப் புத்தகத்தில் பாதி மனப்பாடம். நாற்று நடும்போது பாட்டு, உப்பளத்தில் உப்பு வாரும்போது பாட்டு, பேரப்பிள்ளைகளுக்குப் பேன் பார்க்கும்போதும் பாட்டு. அதனுடைய ஜெபத்தைக் கேட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரியிடம் சண்டை போடுகிற மாதிரியே சாமியிடமும் சண்டை போடும். "நீ பாத்துகினு தான கீற, அப்பறம் இன்னாத்துக்கு சும்மா கீற?" என்று கேட்கும். இதைவிடப் பெரிய வைராக்கியத்தை எந்தக் கன்வென்ஷனிலும் நான் பார்க்கவில்லை.

ஆயா போய்வந்த கோயிலைக் கட்ட மண் சுமந்தது காலனிச் சனம். ஆலைகள் வந்த பிறகு குவார்ட்டர்ஸ் குடும்பங்கள் அங்கே வர ஆரம்பித்தன. வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த ஆபீசர்கள், என்ஜினியர்கள். நல்ல படிப்பு, நல்ல காணிக்கை. கொஞ்ச வருஷத்தில் முன்பெஞ்சு அவர்களுடையதாகிவிட்டது. எந்தக் கமிட்டியும் தீர்மானம் போடவில்லை, எந்தப் பலகையிலும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் காலனிப் பிள்ளை ஒன்று ஓடிப்போய் முன்னால் உட்கார்ந்தால் அதன் அம்மாவே வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள். "உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்று அவர்கள் கேட்பது ஊர்ப் பேரைத் தெரிந்துகொள்ள இல்லை என்பது கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். கிறிஸ்தவப் பத்திரிகைகளில் வருகிற மணமகள் தேவை விளம்பரங்களைப் படித்துப் பாருங்கள். இரட்சிக்கப்பட்ட, ஜெபிக்கிற பெண் வேண்டும் என்று இருக்கும். அதே வரியில் சாதியும் இருக்கும்.

திருவிருந்தில் ஒரே பாத்திரம். முன்பெஞ்சு முழுக்கக் குடித்து முடித்த பிறகுதான் காலனி எழுந்து போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆயா என்ன நினைத்ததோ, முதல் வரிசையோடு போய் மண்டிபோட்டுவிட்டது. பக்கத்தில் மண்டிபோட்டிருந்த அம்மாள் எழுந்து, நான் அடுத்த வரிசையில் வருகிறேன் என்று சொல்லிப் போய்விட்டார்கள். கோபமாகப் பேசவில்லை. சிரித்துக்கொண்டுதான் போனார்கள். அதற்குப் பிறகு திருவிருந்து ஞாயிறு என்றால் ஆயா வீட்டிலேயே இருந்துவிடும். எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். அப்போதிருந்த ஐயர் ஒரு நாள் என்னிடம், பாட்டிக்கு முன்ன மாதிரி பக்தி இல்லையே என்றார். வீட்டுக்கு வந்து ஆயாவிடம் சொன்னேன்.

"எனக்கு இன்னா கொறைஞ்சி பூட்ச்சாம்? ஏசுசாமி என் அடுப்பாண்ட குந்திகினு கீறாரு, கோயில்ல தேட வேணாம்னு போய் சொல்லு உங்க ஐயருகிட்ட."

இதுதான் நான் சொல்ல வந்தது. பக்தி குறையவில்லை. இடம் மாறிவிட்டது. கோயில் அதைத் துரத்திவிட்டு, காணோம் என்று தேடுகிறது. கொரிந்து சபையில் பணக்காரர்கள் முன்னாடியே தின்று குடித்துவிட்டு இல்லாதவர்களைப் பட்டினி போட்டபோது, நீங்கள் சேர்ந்து சாப்பிடுவது கர்த்தருடைய பந்தியே இல்லை என்று பவுல் எழுதினார். இந்தப் பகுதியை நம் சபைகளில் ஒவ்வொரு திருவிருந்துக்கும் நினைவுபடுத்துகிறார்கள். ஒவ்வொருவரும் தன்னைத்தானே சோதித்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். பந்தியின் வரிசையை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை. தமிழ்க் கிறிஸ்தவத்தின் பழைய கதை. கிறிஸ்தவக் கீர்த்தனை என்றதும் நினைவுக்கு வருகிற பேர் தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார், 1774இல் பிறந்து 1864இல் இறந்தவர். எங்கள் ஆயா பாடிய பாட்டுகளில் அவருடையதும் உண்டு. புதிதாக வந்த மிஷனரிமார் சாதி வித்தியாசம் இல்லாமல் சேர்ந்து உட்கார வேண்டும், சேர்ந்து நற்கருணை வாங்க வேண்டும் என்றபோது எதிர்த்து நின்றவர்களில் முக்கியமானவர் அவர். சாதியைத் திருத்தப் பார்ப்பது பைத்தியக்காரத்தனம் என்று 1829இல் எழுதினார். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சாதியைச் சபைக்குள் அடியோடு விட்டுவிட வேண்டும் என்று கடிதம் அனுப்பியபோது சாதிக் கிறிஸ்தவர்கள் கூட்டமாகக் கோயிலை விட்டு வெளியேறினார்கள். சாஸ்திரியாரின் பாட்டில் உருகுகிற பக்தி பொய் என்று நான் சொல்லமாட்டேன். நிஜமாகவே உருகியிருக்கிறார். அப்படி உருகின நெஞ்சு பக்கத்தில் பறையர் வந்து உட்காருவதைப் பார்த்ததும் இறுகிப்போனது என்பதுதான் நாம் யோசிக்க வேண்டிய விஷயம். கண்ணீர் வருவதை வைத்து மட்டும் வைராக்கியத்தை அளக்க முடியாது.

வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கத்தோலிக்கக் கோயிலுக்கு இரண்டு கால் விரித்த மாதிரி இரண்டு பகுதி. வெள்ளாளர் ஒரு பக்கம், நாடார் ஒரு பக்கம், நடுவில் சுவர். இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே பீடம் தெரியும். 1910இல் கோசானல் சாமியார் சுவரை இடித்தார். வெள்ளாளர்கள் மதராஸ் உயர்நீதிமன்றம் வரைக்கும் போய்த் தோற்றார்கள். சுவர் போச்சு, சாதி போகவில்லை. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவே நின்ற சுவரைப் பற்றி எத்தனை போராட்டம் நடந்தது என்பது இந்தப் பத்திரிகை படிக்கிறவர்களுக்குத் தெரியும். எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டதற்கு 2008 மார்ச்சில் வீடுகள் தாக்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் 2 பேர் இறந்தார்கள். அது தவக்காலம். ஊர் முழுக்கச் சிலுவைப்பாதை சொல்லிக்கொண்டிருக்கிற நாட்கள். 2003 நவம்பரில் தமிழ்நாட்டு ஆயர்கள் ரோமுக்குப் போனபோது போப் இரண்டாம் ஜான் பால், சாதி பார்ப்பது கிறிஸ்தவத்துக்கே விரோதம் என்கிற பொருள்பட அவர்களிடம் பேசி அனுப்பியிருந்தார். எறையூர் நடந்தது அதற்கு நான்கு வருஷத்துக்கும் மேல் கழித்து.

நம் பக்தியை மற்றவர்கள் அளந்து பார்ப்பதும் இன்று தொடங்கியது இல்லை. திருவள்ளூர் அப்போது செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கவுடி இக்காட்டிலிருந்து கொண்டு இந்தப் பக்கத்துச் சேரிகளில் வேலை செய்தார். கூட்டம் கூட்டமாகப் பறையர்கள் ஞானஸ்நானம் கேட்டு வந்தார்கள். மிராசுதாரின் பிடியிலிருந்து தப்ப வேண்டும், குடியிருக்கிற மனை சொந்தமாக வேண்டும், பிள்ளைக்கு எழுத்து வேண்டும் என்று வந்தார்கள். உடனே கேள்வி கிளம்பியது. இவர்கள் மெய்யான விசுவாசத்தில் வருகிறார்களா, சோத்துக்கு வருகிறார்களா? அரிசிக் கிறிஸ்தவர்கள் என்று பேரும் வைத்தார்கள். மிராசுதாரும் அதையே சொன்னார், மிஷன் ஆபீசில் இருந்தவர்களில் சிலரும் அதையே சொன்னார்கள்.

அந்தக் காலத்தில்தான் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். அதையொட்டி 1892 செப்டம்பர் 30ஆம் தேதி நிலம் ஒதுக்குகிற அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் கேட்டுக்கொண்டிருப்பது அதைத்தான். 12 லட்சம் ஏக்கர் என்று தலித் இயக்கங்கள் சொல்லிவருகின்றன. நிலத்துக்காக ஒருவன் சாமியிடம் வந்தால் அது எப்படிக் குறைந்த பக்தி ஆகும்? எகிப்தில் செங்கல் அறுத்தவர்கள் கூக்குரல் போட்டது எதற்காக? ஆத்துமாவும் வயிறும் தனித்தனி என்கிற பாடம் வயிறு நிறைந்தவர்கள் எழுதியது.

நம் சனம் தன் இஷ்டத்துக்குக் கும்பிட இடம் கிடைத்தால் எப்படிக் கும்பிடும் என்பதை எங்கள் காலனி ஜெபவீட்டில் பார்க்கலாம். தகரம் போட்ட ஒரு கொட்டகை. அங்கே முன்பெஞ்சு கிடையாது, ஏனென்றால் பெஞ்சே கிடையாது. எல்லோருக்கும் பாய். டோலக், தம்புரு, இரண்டு ஸ்பீக்கர். பாட்டு ஆரம்பித்தால் கை தட்டல், கண்ணீர், அந்நிய பாஷை, ஆட்டம். மெத்தப் படித்த கிறிஸ்தவர்கள் இதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். என் தோழர்களில் சிலரும் சிரிக்கிறார்கள். சாமி ஆடுவதை விட்டுவிட்டு வந்தும் ஆடத்தான் செய்கிறார்கள் என்று கிண்டல். நான் அவர்களிடம் சொல்வது, வாரம் முழுக்க "சரிங்க சார், சரிங்க மேடம்" என்பதைத் தவிர வேறு பேச முடியாத வாய் அது. குனிந்து பெருக்கிக் குனிந்து கழுவின முதுகு அது. ஒரு மணி நேரம் அந்த வாய் வாய்விட்டுக் கத்துகிறது, அந்த முதுகு நிமிர்கிறது. இதைக் கண்டு எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

இந்த மாதிரி ஆராதனை உலகம் முழுக்கப் பரவியதற்குப் பின்னாலும் ஒரு தீண்டாமைக் கதை இருக்கிறது. வில்லியம் சீமோர் அமெரிக்காவில் அடிமைகளாக இருந்த கறுப்பர்களின் மகன். ஹூஸ்டனில் சார்லஸ் பர்ஹாம் என்கிற வெள்ளைக்காரர் நடத்திய வேதபாட வகுப்பில் சேர்ந்தார். கறுப்பர் வெள்ளையரோடு உட்காரக் கூடாது என்கிற காலம். அறைக்கு வெளியே உட்கார்ந்து, திறந்து வைத்த கதவு வழியாகப் பாடம் கேட்டார். 1906இல் லாஸ் ஏஞ்சல்ஸ் போனார். அசூசா தெருவில் லாயமாகக்கூடப் பயன்பட்ட ஒரு பழைய கட்டடத்தில் கூட்டம் நடத்தினார். கறுப்பரும் வெள்ளையரும் மெக்ஸிகோக்காரரும் ஒரே தரையில் மண்டிபோட்டார்கள், ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுதார்கள். அங்கிருந்துதான் பெந்தெகொஸ்தே எழுப்புதல் பல தேசங்களுக்குப் போனது. வெளியே உட்கார வைத்த அதே பர்ஹாம் வந்து பார்த்தார், இப்படிக் கலந்து கும்பிடுவதைக் கண்டு அருவருத்துப் பேசினார். சில வருஷத்தில் வெள்ளையர் சபை வேறு, கறுப்பர் சபை வேறு என்று பிரிந்துபோனது.

நம் பக்கமும் எழுப்புதல் நடந்திருக்கிறது. 1860இல் திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தியான்பேட்டை ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் காலத்தில் ஜனங்கள் நடுங்கி விழுந்து, அழுது, தீர்க்கதரிசனம் சொன்னார்கள் என்று பதிவு இருக்கிறது. 1905இல் பண்டித ரமாபாயின் முக்தி மிஷனில் கைவிடப்பட்ட விதவைகளும் அனாதைப் பெண்களும் இராத்திரி பகலாக ஜெபித்தார்கள். அனல் எப்போதும் கீழேயிருந்துதான் கிளம்பியிருக்கிறது. அணைத்தவர்கள் மேலே இருந்தவர்கள்.

இரண்டாவது அடைப்புக்கு வருகிறேன். எங்கள் அம்மா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட்டில் கூட்டிப் பெருக்குகிற வேலை பார்க்கிறது. மீஞ்சூரில் ரயில் ஏறி, பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டிப் போக வேண்டும். முதல் ஷிப்டுக்கு விடியற்காலையில் கிளம்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை லீவு என்பது கம்பெனி ஆட்களுக்கு. காண்ட்ராக்ட் ஆளுக்கு ஞாயிறு வரவில்லை என்றால் சம்பளம் இல்லை. இரண்டு ஞாயிறு வரவில்லை என்றால், வேற ஆள் இருக்குது, நீ ஜெபம் பண்ணு என்று மேஸ்திரி சொல்வார். மாதத்தில் ஒரு ஞாயிறு ஆராதனைக்குப் போனால் அது அம்மாவுக்குப் பண்டிகை.

அந்த ஒரு ஞாயிற்றிலும் போதகர் என்ன பிரசங்கம் செய்கிறார்? ஓய்வுநாளை மதிக்காத விசுவாசிகளைப் பற்றி. அம்மாவுக்கு அன்றைக்கு இராத்திரி தூக்கம் வராது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பது வானத்திலிருந்து விழுந்தது இல்லை. பம்பாய் மில் தொழிலாளர்களுக்கு ஞாயிறு விடுமுறையை 1890இல் போராடி வாங்கியவர் நாராயண் மேகாஜி லோகண்டே, ஜோதிராவ் புலேயின் தோழர். 1942 முதல் 1946 வரை வைசிராய் கவுன்சிலில் தொழிலாளர் பொறுப்பில் இருந்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். ஆலையில் வாரத்துக்கு 54 மணி நேர வேலை 48ஆகக் குறைந்தது 1946ஆம் வருஷத்துத் திருத்தத்தில். வாரம் ஒரு நாள் ஓய்வு 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தில் எழுதப்பட்டது. ஓய்வுநாளைப் பற்றிப் பிரசங்கம் செய்கிற போதகர், சபை மூப்பர்களோடு போய் அந்தக் காண்ட்ராக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். சுற்று வட்டாரத்துப் போதகர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு மனு எழுதலாம். அதுவும் ஊழியம்தான். இதுவரை யாரும் போகவில்லை. அம்மா ரயிலில் ஜெபம் பண்ணிக்கொண்டு போகிறது. கம்பெனி வேன் வந்து நிற்கிற வரைக்கும் உதடு அசைந்துகொண்டே இருக்கும்.

மூன்றாவதுதான் இப்போது எங்கள் வீட்டை அறுத்துக்கொண்டிருக்கிறது. 1950ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆகமாட்டார் என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் கதவு மூடியே இருக்கிறது. மதம் மாறினாலும் அதே கொடுமை தொடர்கிறது என்று போதுமான ஆதாரம் காட்டவில்லை என்று 1985இல் சூசை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மதத்தை வைத்துப் பிரிக்கக் கூடாது என்று 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரை செய்தது. கிறிஸ்தவ ஆதிதிராவிடருக்கும் உரிமை கொடு என்று 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மறுபடி ஓர் ஆணையம் அமைத்து, இரண்டு வருஷம் என்று சொல்லி, தவணையை நீட்டினார்கள். எங்கள் பொன்னேரி சட்டமன்றத் தொகுதியும் தனித் தொகுதி, திருவள்ளூர் நாடாளுமன்றத் தொகுதியும் தனித் தொகுதி. காலனியில் பிறந்து காலனியில் சாகிற ஒருவன் கிறிஸ்தவன் என்று எழுதிக்கொடுத்தால் இரண்டிலும் நிற்க முடியாது. படிப்பிலும் வேலையிலும் பட்டியல் சாதிக்கான 18 விழுக்காட்டில் அவனுக்கு இடமில்லை, பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போக வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அவனுக்குத் துணைக்கு வராது. அவனை அடிக்கிறவன் மட்டும், நீ எந்தக் கோயிலுக்குப் போற என்று கேட்டுவிட்டு அடிப்பதில்லை.

அதனால் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இரண்டு பேர் உண்டு. சான்றிதழில் ஒன்று, ஜெபவீட்டில் ஒன்று. தலித் கிறிஸ்தவர்கள் இருக்கிற எந்தத் தெருவிலும் இது ரகசியமும் இல்லை, வெட்கமும் இல்லை. வெட்கப்பட வேண்டியது அப்படிப் பிழைக்க வைத்த ஆணை.

2024 நவம்பர் 26ஆம் தேதி, அரசியல் சட்ட நாள் அன்றைக்கே, புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அவர் ஞானஸ்நானம் வாங்கியிருக்கிறார், தவறாமல் கோயிலுக்குப் போகிறார், ஆகவே பட்டியல் சாதிச் சான்றிதழ் கிடையாது, இட ஒதுக்கீட்டுக்காக இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தையே ஏமாற்றுவது என்றது தீர்ப்பு. தவறாமல் கோயிலுக்குப் போவது என்பதை நன்றாகக் கவனியுங்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் பக்தி போதாது, நீ சோத்துக்கு வந்தவன் என்றார்கள். இப்போது பக்தி இருக்கிறது, ஆகவே உனக்குச் சோறு இல்லை என்கிறார்கள்.

என் தம்பிதான் ஜெபவீட்டில் டோலக் அடித்துக்கொண்டிருந்தான். அவன் அடித்தால் ஆயா உட்கார்ந்த இடத்திலேயே தோளைக் குலுக்கும். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறான். தீர்ப்புச் செய்தி வந்த கொஞ்ச நாளில் சான்றிதழ் சம்பந்தமாக ஒருவர் தெருவுக்கு விசாரிக்க வந்தார். யார் யார் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குப் போகிறார்கள், யார் மேளம் அடிக்கிறார்கள் என்று எதிர்வீட்டில் கேட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு சாயந்திரம் அம்மா தம்பியைக் கூப்பிட்டு, "நீ இனிமே உள்ள வராத நைனா, நான் உனுக்கும் சேத்து ஜெபம் பண்றேன்" என்றது. அடுத்த வாரத்திலிருந்து ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்துவிட்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டு பாடுகிறார்கள். இன்னும் மூன்று பையன்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். தம்பி தெருமுனையில் பைக்கில் உட்கார்ந்து, ஆராதனை முடிந்ததும் அம்மாவை ஏற்றிக்கொண்டு வருகிறான். டோலக்கை இப்போது தாளம் தெரியாத ஒரு சின்னப் பையன் அடிக்கிறான். வாலிபப் பிள்ளைகளுக்குப் பக்தி இல்லை என்று மேடையில் பேசுகிறவர்கள் எங்கள் தெருமுனைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கட்டும்.

ஜெபவீட்டையும் நான் சும்மா விடப்போவதில்லை. அங்கே அழுகிறவர்களில் முக்கால்வாசி பெண்கள். மைக் மட்டும் ஆண் கையில். கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்ததைப் பற்றியோ, காண்ட்ராக்ட் கூலியைப் பற்றியோ, பஞ்சமி நிலத்தைப் பற்றியோ ஒரு ஜெபக்குறிப்பு கொடுத்தால், அதெல்லாம் உலகக் காரியம், பரலோகத்தை நோக்கு என்பார்கள். அனலை மூட்டி, புகைபோக்கி வழியாக நேராக மேலே அனுப்பிவிடுகிற வேலை இது. 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் பஞ்சமி நில மீட்புக்காகத் திரண்டவர்கள் மேல் போலீஸ் சுட்டதில் இறந்தவர்கள் ஜான் தாமஸ், ஏழுமலை. ஒரு கிறிஸ்தவப் பேர், ஓர் இந்துப் பேர். 1950ஆம் வருஷத்து ஆணை பிரித்து வைத்ததை மண் சேர்த்து வைத்தது. ஜான் தாமஸின் வைராக்கியம் உலகக் காரியமா, பரலோகக் காரியமா என்று எந்தப் போதகரும் எனக்குப் பதில் சொல்லவில்லை.

வேறு மாதிரி செய்து காட்டினவர்களும் இருக்கிறார்கள். கேரளத்தில் பொய்கையில் யோகன்னான், 1879இல் பிறந்த புலவர், அனல் பறக்கப் பிரசங்கம் செய்தவர், சபைகளுக்குள் சாதி போகாததைக் கண்டு வெளியேறி ஒடுக்கப்பட்ட சனத்துக்கென்று தனி இயக்கம் கட்டினார். பரட்டை என்று நாம் கூப்பிட்ட தியாபிலஸ் அப்பாவு, 2005இல் இறந்துபோனவர், மதுரை இறையியல் கல்லூரியில் இருந்துகொண்டு நாட்டுப்புற மெட்டிலும் பேச்சுத் தமிழிலும் வழிபாட்டையே மாற்றி அமைத்தார். தீட்டு என்று வெளியே நிறுத்தப்பட்ட பறையைப் பீடத்துக்குப் பக்கத்தில் கேட்க வைத்தவர்களில் அவர் முக்கியமானவர். கடவுளிடம் சத்தமாகப் பேசலாம், சொந்தப் பாஷையில் பேசலாம், சோத்தைப் பற்றியும் பேசலாம் என்று அவர் சொல்லிக்கொடுத்தார். எங்கள் ஆயா யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்துகொண்டிருந்ததுதான் இது.

மாணவர்களும் எழுதுகிறவர்களும் இதைப் படிக்கிறீர்கள். மதம் மக்களுக்கு மயக்கம் என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிட்டால், ஜெபவீட்டில் திரளுகிற அத்தனை பெண்களையும் மைக் பிடித்திருக்கிறவரிடமே விட்டுவிட்டுப் போகிறோம். அவர்களுடைய அழுகையில் இருக்கிற நியாயத்தைக் கேட்க வேண்டும். சபைகளிடம் நாம் கேட்க வேண்டியதும் சின்னச் சின்ன விஷயம்தான். திருவிருந்துக்கு ஒரு தடவையாவது கடைசிப் பாயிலிருந்து வரிசை தொடங்கட்டும். கல்லறைத் தோட்டத்தில் சாவு விழுந்த வரிசைப்படி குழி வெட்டட்டும். ஞாயிறு விடுப்புக்காகக் காண்ட்ராக்டரிடம் போதகர் போகட்டும். 1950ஆம் வருஷத்து ஆணையின் மூன்றாவது பத்தியை எதிர்த்து வருஷத்துக்கு ஒரு நாள் துக்க நாள் என்று கறுப்புக் கொடி பிடிப்பதோடு நிறுத்தாமல், முன்பெஞ்சுக்காரர்களும் எங்களோடு தெருவில் வந்து உட்காரட்டும். இதையெல்லாம் செய்துவிட்டு, அப்புறம் வைராக்கியத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்யட்டும். நாங்கள் கேட்கிறோம்.

போன வாரம் தம்பி, பரீட்சை முடிஞ்சதும் வந்து அடிக்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னான். வேலை கிடைத்த பிறகும் விசாரணை வரும் என்பது அவனுக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஸ்பீக்கர் இல்லாமல், கதவைச் சாத்திக்கொண்டு, தாளம் தப்பித் தப்பி எங்கள் சனம் பாடிக்கொண்டுதான் இருக்கிறது.